சந்தனம் பூசிய லித்தியம் டின்

இப்போது எதைத் தொட்டாலும் லித்தியம் என்கிறார்கள். சட்டைப் பையில் இருக்கும் செல்போனுக்குள் லித்தியம், தெருவில் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து பயமுறுத்துகிற ஸ்கூட்டருக்குள் லித்தியம். அடுப்பில் வைத்தாலும் விரிசல் விடாத கண்ணாடிப் பாத்திரத்தில் அது சேர்கிறதாம். மனசு நிலைகொள்ளாமல் தவிக்கிறவர்களுக்கு மருந்தாகவும் கொடுக்கிறார்கள் என்று நர்ஸ் வேலை பார்க்கும் என் மருமகள் சொன்னாள். பம்ப்செட் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் அது ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த சரக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கும் அதற்கும் அறுபதுகளிலிருந்தே பழக்கம். திண்டுக்கல்லுக்கு அது தகர டின்னில் கிரீஸாக வந்தது. என் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்ததும் அதுதான், எனக்கு ஒரு பெயர் வாங்கிக் கொடுத்ததும் அதுதான்.

ஸ்பேனர் பிடிப்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் கை தானாகப் பழகிவிடும். வேலையில் தப்பு செய்துவிட்டு நடுத்தெருவில் நிற்கும்போது என்ன செய்வது என்பதைத்தான் எந்தப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. நான் அப்படி நின்றவன். அதனால் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் கரண்டுக் கம்பம் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்குள் நுழைந்தது. மாடு கட்டிக் கமலை இறைத்த கிணறுகளில் ஒவ்வொன்றாக மோட்டார் இறங்கியது. திண்டுக்கல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் கடையில் நான் மெக்கானிக். சைக்கிள் கேரியரில் சாமான் பையைக் கட்டிக்கொண்டு ரெட்டியார்சத்திரம் சுற்றுவட்டாரம் முழுக்கப் போவேன். எங்கள் கிணறுகள் ஆழம். பாதி ஆழத்தில் மேடை கட்டி அதில் மோட்டாரை உட்கார வைத்திருப்பார்கள். மேலே வெயில், கீழே தண்ணீரின் ஈரம். அந்த இடத்தில் இருந்த பேரிங்குக்கு கிரீஸ் போடுவதுதான் எங்களுக்குத் தீராத தலைவலி. அப்போது இரண்டு விதமான கிரீஸ் கிடைத்தது. ஒன்று சூடு தாங்கும், ஈரம் பட்டால் கரைந்துவிடும். இன்னொன்று ஈரம் தாங்கும், சூடு ஏறினால் உருகி ஓடிவிடும். எங்கள் கடையில் சூடு தாங்குவதைத்தான் போட்டுவந்தோம். மாதம் தவறாமல் யாராவது ஒருவர் மோட்டார் கத்துகிறது என்று வந்து நிற்பார்.

அந்த நிலையில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வந்தார். மடிப்புக் கலையாத பேண்ட், தோல் பை. எங்கள் பழைய கிரீஸில் ஒரு விரல் எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டுக் கலக்கினார்; தண்ணீர் வெளுத்துப் போனது. அவர் கொண்டுவந்த தேன் நிற கிரீஸைப் போட்டுக் கலக்கினார்; தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பிறகு அதையே தகரத்தில் தடவி ஸ்டவ்வின் மேல் காட்டினார். அது அசையவில்லை. கடைசியில் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேஜை மேல் வைத்தார். இளம் ஊதா நிறம், செதில் செதிலாக மின்னியது. வடக்கே மைக்கா சுரங்கத்தில் எடுத்த கல், இதில் லித்தியம் என்று ஒன்று இருக்கிறது, இந்த மாதிரிக் கல்லை வெட்டிப் பொடியாக்கி அதிலிருந்து பிரித்தெடுப்பதைச் சேர்த்துத்தான் இந்த கிரீஸைக் காய்ச்சுகிறார்கள் என்றார்.

என் முதலாளி கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கல்லுல நாரு உரிக்கிறவனப் பாத்திருக்கேன். கிரீஸு எடுக்கிறவன இன்னிக்குத்தான்யா பாக்குறேன்.”

கம்பெனி ஆள் சிரித்துவிட்டு ஒரு பெரிய டின்னை இறக்கினார். எப்படிப் போடுவது என்று கேட்டேன். “எல்லாம் டின்னுல எழுதியிருக்கு, படிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு மதுரை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். மறுநாள் காலையில் படிக்கலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. முதலாளி கடைக்கு வரும் எந்தப் புதுச் சாமானுக்கும் பூஜை போடாமல் விடமாட்டார். டின்னைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, எழுத்து இருந்த பக்கம் முழுவதும் கை நிறையச் சந்தனம் எடுத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவன். அவர் வைத்த சந்தனத்தைச் சுரண்டினால் என்ன நினைப்பாரோ என்று கூச்சப்பட்டேன். கிரீஸ் போடத் தெரியாதா நமக்கு என்கிற திமிரும் இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பூஜைக்கு முன்னால் மோட்டாருக்குப் புதுக் கிரீஸ் வைப்பது எங்கள் பக்கத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகளின் வழக்கம். மாட்டுக்குப் பொங்கலன்று புதுக் கயிறு மாற்றுவது மாதிரிதான். தேவையோ இல்லையோ, ஒரு கட்டியாவது புதுசு உள்ளே போகவேண்டும். ரெட்டியார்சத்திரத்துக்கு மேற்கே ஒரே கிராமத்தில் எனக்கு இருபது மோட்டார். டின்னைப் பார்த்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். சந்தனத்தோடு வந்த கிரீஸ் அல்லவா! பேரிங் மூடியைத் திறந்து, பழசின் மேலேயே ஒரு கட்டிப் புதுசை அப்பி மூடிவிட்டு, அடுத்த கிணற்றுக்கு நடந்தேன். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் செய்து வந்தோம்.

வேலம்மாள் கிணற்றில் மட்டும் அது நடக்கவில்லை. புருஷன் இறந்தபின் தனியாக நின்று வெள்ளாமை பார்த்த பெண். நாக்கு கொஞ்சம் நீளம். நான் மூடியைத் திறந்து புதுசை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார்.

“ஏப்பா சவரிமுத்து, அழுக்குத் தலையில பூ வச்ச மாதிரி பழசு மேலயே புதுச அப்புற? பூசைக்கு வைக்கிறது. கழுவிட்டு வையி.”

“அக்கா, பேரிங்கக் கழட்டிக் கழுவ ஒரு மணி நேரமாகும். இன்னும் ஆறு கெணறு இருக்கு.”

“இருக்கட்டும். மண்ணெண்ணெய் நான் தாரேன். கழுவாம எங் கெணத்த விட்டு மேல ஏறிருவியா நீ?”

ஏற முடியாதபடி படியிலேயே உட்கார்ந்துகொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் அலசி, துடைத்து, புதுசு மட்டும் நிரப்பிக் கொடுத்தேன். வழியெல்லாம் அந்த அம்மாவைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

பூஜை முடிந்த எட்டாம் நாள் அதே ஊர்ச் சம்சாரி பெருமாளின் மோட்டார் எரிந்தது. பேரிங் காய்ந்து ஒட்டிக்கொண்டு, உள்ளே உரசி, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செப்புக் கம்பி, நாங்கள் காயில் என்போம், அது கருகிவிட்டது. மறுநாள் இன்னொன்று. அதற்கு அடுத்த நாள் மூன்றாவது. அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. ஊர் முழுக்கச் சின்ன வெங்காயம் நட்டிருந்தார்கள். நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் பாயாவிட்டால் தாள் மடங்கிவிடும். கருகின காயிலைக் கட்டிக் கொடுக்கப் பத்து நாளாவது வேண்டும். மோட்டார் போனால் அந்த வயல் போச்சு என்று அர்த்தம்.

பெருமாள் கடைக்கே வந்துவிட்டார். முதலாளி அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏலே சவரி, கரண்டு கொறஞ்சு வருதுன்னு சொல்லு. சாயங்காலமானா லைட்டே மினுக்கு மினுக்குன்னுதான் எரியுது. எவனும் இல்லைன்னு சொல்ல மாட்டான்.”

சொல்ல வசதியான பொய். கரண்டு குறைந்து வந்ததும் உண்மைதான். ஆனால் போன வருஷமும் குறைந்துதான் வந்தது. அப்போது ஒரே வாரத்தில் மூன்று மோட்டார் எரியவில்லை. என்ன ஏது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிராமத்துக்குப் போனேன்.

பஸ் சாலையிலிருந்து இறங்கினால் முதல் கிணறு வேலம்மாளுடையது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேடைக்கு இறங்கி, ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். சின்ன உரசல்கூட இல்லை. கையை வைத்தேன். காலையிலிருந்து ஓடின மோட்டார், பேரிங் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அடுத்த கிணற்றுக்குப் போனேன். அங்கே கையை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. மூடிக்குக் கீழே கிரீஸ் கூழாகி வழிந்து மேடையில் சொட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். பழசும் இல்லை, புதுசும் இல்லை, நீர்த்துப்போன கஞ்சி மாதிரி ஏதோ ஒன்று.

இரண்டு கிணற்றிலும் நான் போட்டது ஒரே டின்னின் கிரீஸ். இரண்டுக்கும் ஒரே கம்பியில்தான் கரண்டு வந்தது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே கழுவினேன், இங்கே கழுவவில்லை.

சைக்கிளைக் கடைக்கு எப்படி மிதித்தேன் என்று தெரியாது. டின்னை வெளிச்சத்துக்கு இழுத்து, காய்ந்துபோன சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். கொட்டை எழுத்தில் இருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். வேறு எந்த கிரீஸோடும் கலக்கக் கூடாது, பழையதை முழுவதும் கழுவி எடுத்த பிறகே இதைப் போட வேண்டும். முதலாளி என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் படிக்க வரும்.

நல்ல கிரீஸையும் நல்ல கிரீஸையும் சேர்த்து நான் இரண்டையும் கெடுத்திருக்கிறேன். மூன்று மோட்டார் போயாகிவிட்டது, வேலம்மாளுடையது தப்பித்தது, மிச்சம் பதினாறு. எது இன்றைக்குப் போகும், எது நாளைக்குப் போகும் என்று தெரியாது. பதினாறையும் நிறுத்தினால்தான் பிழைக்கும். ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு உண்மையைத்தான் சொல்ல முடியும்.

“சொன்னா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதான்” என்றார் முதலாளி.

“சொல்லலேன்னா பதினாறு வயக்காடு காயும்யா. நான்தான் போட்டேன், நானே சொல்லிக்கிறேன். உங்க பேரு வராது.”

அவர் மோவாயைத் தடவினார். பிறகு உள்ளே போய் ஒரு தகரம் மண்ணெண்ணெய் கொண்டுவந்து என் சைக்கிள் பக்கத்தில் வைத்தார்.

“சந்தனம் நான் வச்சது. அதையும் சேத்துச் சொல்லு” என்றார். அவரைப் பற்றி நான் அதுவரை நினைத்து வைத்திருந்ததை எல்லாம் மாற்றிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் ஊர் டீக்கடை முன்னால் நின்று சொன்னேன். கரண்டு காரணமில்லை, கிரீஸும் காரணமில்லை, கலந்தது என் தப்பு, முதலாளி அப்பிய சந்தனத்துக்குக் கீழே எழுதியிருந்ததைச் சுரண்டிப் படிக்காமல் போட்டது என் தப்பு என்றேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெருமாள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

“அப்ப எங் காடு போனது போனதுதானா? சந்தனம் அப்புனவனும் அப்புனத எடுக்காதவனும் சேந்து எங் குடியக் கெடுத்துட்டீகளேடா!”

கூட்டத்தில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். இனி கடைக்காரனை ஊருக்குள் விடக்கூடாது என்றார் ஒருவர். அந்தக் கல்லுக் கிரீஸே வேண்டாம், எல்லாவற்றையும் வழித்துப் போடு என்றார் இன்னொருவர். அப்போதுதான் வேலம்மாளின் குரல் கேட்டது.

“அந்தக் கிரீஸுலதான் எம் மோட்டாரு ஓடுது. போயிக் கைய வச்சுப் பாருங்க, எம்புட்டுக் குளுமையா இருக்குன்னு. திட்டுறத வெங்காயம் பிடுங்குனப்பறம் திட்டிக்கிறலாம். இப்ப மோட்டார நிறுத்துங்கய்யா மொதல்ல.”

பத்துப் பேர் உண்மையிலேயே போய்க் கையை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதன் பிறகு அவரவர் கிணற்றுக்கு நடந்தார்கள்.

இரண்டு நாள். சூடு அதிகமாக இருந்ததை முதலில், குறைவாக இருந்ததைப் பிறகு என்று வரிசை போட்டுக்கொண்டேன். நான் ஒரு கிணற்றில் கழற்றும்போது அடுத்த கிணற்றில் வேலம்மாளும் இன்னும் நாலு பெண்களும் மண்ணெண்ணெய்ச் சட்டியோடும் பழைய சேலைத் துணியோடும் தயாராக இருப்பார்கள். பேரிங்கில் ஒரு துளி பழசு ஒட்டியிருந்தாலும் வேலம்மாள் திருப்பிக் கொடுத்துவிடுவார். எங்கள் கடை முதலாளியே பஸ் ஏறி வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கிணற்றில் இறங்கினார். இரண்டாம் நாள் மதியத்துக்குள் பதினைந்து முடிந்தது.

பதினாறாவது பங்குக் கிணறு; சூடு குறைவென்று கடைசியில் வைத்திருந்தேன், ஆனால் அதை மட்டும் நிறுத்தாமல் ஓட்டியிருந்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பாதிப் பாதி. ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் முறை. இரண்டு பேரும் பேசி ஏழு வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்குத் தம்பி ராமுவின் முறை. நான் போனபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. மேடைக்கு இறங்காமலே எனக்குச் சத்தம் கேட்டது, பல்லைக் கூசவைக்கும் சத்தம்.

“நிறுத்துங்க அண்ணே” என்றேன் ராமுவிடம்.

“மணி ஆறு வரைக்கும் எம் முறை. நிறுத்துன நேரத்துக்குத் தண்ணி யாரு தருவா? அவன் தருவானா?” என்று வரப்பில் நின்றபடியே அண்ணன் வயலைக் காட்டினார். கிணற்றுமேட்டில் ஸ்விட்ச் இருந்த அறையின் வாசலுக்குக் குறுக்கே மண்வெட்டியை வைத்திருந்தார்.

இன்னும் பத்து நிமிஷம் ஓடினால் உரசிவிடும். பேசிச் சம்மதிக்க வைக்க அங்கே நேரம் இல்லை. மண்வெட்டியைத் தாண்டி உள்ளே போய் மூன்று ஃபியூஸையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். மோட்டார் நின்றது. வாய்க்காலில் வந்துகொண்டிருந்த தண்ணீர் மெலிந்து நின்றது. ராமு என் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“யாரக் கேட்டு நிறுத்துன?”

“யாரையும் கேக்கல. அடிக்கணும்னா அடிங்க. ஒரு மணி நேரம் கழிச்சு அடிங்க. இப்ப என்னய விட்டா உங்க ரெண்டு பேரு காடும் பிழைக்கும்.”

எனக்குப் பயம்தான். ஆனாலும் ஃபியூஸை மட்டும் கொடுக்கவில்லை. அந்த நேரத்தில் பக்கத்து வயலிலிருந்து அண்ணன்காரர் நடந்து வந்தார். தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

“மெக்கானிக்கு, நாளைக்கு எம் முறையில காலையில ரெண்டு மணி நேரம் அவன எடுத்துக்கிறச் சொல்லு.”

ராமுவின் கை சட்டையிலிருந்து இறங்கியது. அவரும் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, “செத்த நேரத்துல முடிப்பியா?” என்றார். முடித்துவிடுவேன் என்றேன். பேரிங்கைக் கழற்றியபோது உள்ளே ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. பேரிங் குண்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. பையிலிருந்த புதுப் பேரிங்கைப் போட்டு, புதுசு மட்டும் நிரப்பி, ஃபியூஸைச் சொருகினேன். மோட்டார் எந்த முனகலும் இல்லாமல் ஓட ஆரம்பித்தது. கிணற்றுப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வேலம்மாள் பார்த்துவிட்டார். மண்ணெண்ணெய்க் கையோடு கண்ணைத் துடைக்காதே என்று மட்டும் சொன்னார்.

அந்த மாதக் கடைசியில்தான் மழை வந்தது. அதுவரைக்கும் பதினேழு மோட்டாரும் நிற்காமல் ஓடின. மோட்டார் எரிந்த மூன்று பேரின் வயலுக்கும் பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டார்கள். பெருமாளின் வயலில் பாதிதான் தேறியது. அந்தப் பாதியை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு வலிக்கும். மற்ற வயல்களில் வெங்காயம் விளைந்த விளைச்சலை ஒட்டன்சத்திரம் சந்தையில் நின்று பார்த்தேன். மூட்டைகளுக்கு நடுவில் நடக்க வழியில்லை. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை என் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை. இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அதை எதன் மேல் போடுகிறோம் என்று பாருங்கள். எழுதியிருப்பதை, யார் என்ன பூசியிருந்தாலும் சுரண்டிப் படியுங்கள். ஓடாத மோட்டாரைப் பார்க்கத்தான் எல்லாரும் ஓடுவார்கள். எது கெடாமல் ஓடுகிறதோ அதையும் போய்ப் பாருங்கள், காரணம் அங்கேதான் கிடைக்கும். தப்பு உங்களுடையது என்று தெரிந்த நிமிஷத்திலேயே வாயைத் திறந்துவிடுங்கள். ஒரு நாள் தள்ளினாலும் அதற்குள் இன்னொருவர் மோட்டார் எரியும்.

பெருமாளின் மோட்டாருக்குக் காயில் கட்டி முடித்த அன்று அவர் கடைக்கு வந்தார். நான் பின்பக்கம் ஒதுங்கி நின்றேன். முதலாளி அவசர அவசரமாக எழுந்து, மதுரையிலிருந்து பெரிய மெக்கானிக் ஒருவரை வரவழைத்திருக்கிறேன், அவரே வந்து இறக்கி மாட்டித் தருவார், உங்களுக்குக் கவலையே வேண்டாம் என்று பக்கத்தில் நின்ற ஆளைக் காட்டினார். பெருமாள் அந்தப் பெரிய மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கடைக்குள் தலையை நீட்டித் தேடினார்.

“சவரிமுத்து எங்கய்யா? அவன அனுப்புங்க.”

“அவனா? அவன்தானே உங்களுக்கு…” என்று முதலாளி இழுத்தார்.

“அவன்தான். கெடுத்தவன் வந்து நாந்தான் கெடுத்தேன்னு எம் மூஞ்சிக்கு நேரா சொன்னானே, அம்புட்டுத் தைரியம் யாருக்கு வரும்? இன்னொருத்தன் மாட்டுனா எனக்குத் தூக்கம் வராது. ஏலே சவரி, பையத் தூக்கு. காடு காயுது.”